ஒருமை, பன்மை

ஸ்டெய்ன்விக் சரிவுக்குக் கீழே
சாலை கடலை ஒட்டிப் போகிறது. மேலே பனி.
பனிக்குள் பன்னிரண்டு காதுகள் புதைத்திருக்கிறோம்.
மலை முனகினால் கேட்கும்,
கேட்டால் கேட் விழும்,
சிவப்பு எரியும், மீன் லாரிகள் நிற்கும்.
வேலை அவ்வளவுதான்.

அதற்கு நாலாயிரத்து இருநூறு வரி
எழுதி வைத்திருந்தாள் குன்வோர்,
ஒரே கோப்பில்,
என்றால், இல்லையென்றால், அதுவும் இல்லையென்றால் என்று
மூச்சு விடாமல் பேசும் சகபயணி மாதிரி.
அவள் வேலையை விட்டுப் போர்ச்சுகலுக்குப் போனாள்.
கோப்பு எனக்கு வந்தது.

ட்ரோம்சோவில், சூரியன் எட்டிப் பார்க்காத இரண்டு மாதம்,
அதைப் பிரித்து டிசைன் பேட்டர்ன்களில் கட்டினேன்.
காதுகளுக்கு அப்சர்வர்.
மூன்று கம்பெனி மோட்டாருக்கு மூன்று பாஷை, நடுவில் அடாப்டர்.
காற்றையும் ஈரத்தையும் பார்த்து மனம் மாற ஸ்ட்ராட்டஜி.
கேட்டுக்கு சிங்கிள்டன்:
ஒரே உறை, ஒரே கத்தி,
யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் அதே கேட்.

குன்வோரின் ஃபங்ஷன் ஒவ்வொன்றிலும் ஓர் எண் தொங்கியது.
கேட் எண். எப்போதும் ஒன்று.
எழுபத்தெட்டு இடங்களில் ஒன்று, ஒன்று, ஒன்று.
பக்கத்து மேஜை ஹாவார்டைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
இருப்பதே ஒன்று, இதில் எண் வேறு.
சிரித்துக்கொண்டே அழித்தேன்.
டெஸ்ட் எல்லாம் பச்சை.
என் வரைபடத்தைக் காபி மெஷினுக்கு மேலே ஒட்டினார்கள்.

அக்டோபரில் சாலைத்துறை
தென்முனையிலும் ஒரு கேட் நட்டது.
அடாப்டர் எழுத அரை நாள் போதுமாயிருந்தது.
பேட்டர்ன் என்றால் இதுதான் என்று
மதியச் சாப்பாட்டில் சொன்னேன்,
வாயில் ரொட்டியோடு.

ஜனவரி பதினாறு, அதிகாலை மூன்று பத்து.
மலை முனகியது. காதுகள் கேட்டன.
கேட் என்று கூப்பிட்டது நிரல்.
வடமுனை விழுந்தது.
தென்முனைக்காக இன்னொரு தரம் கூப்பிட்டது.
விழுந்து கிடந்த வடமுனையே
விழுந்துவிட்டேன் என்று மறுபடி சொன்னது.
லாகில் இரண்டு வரி, இரண்டும் வெற்றி.
நான் ஒருமையில் கூப்பிட்டேன்.
பனி பன்மையில் வந்தது.

தெற்கே, விழாத கேட்டைத் தாண்டி,
பதினெட்டு டன் சால்மனோடு வந்த ரைமோ யாக்கொலா
சரிவுக்கு நானூறு மீட்டர் முன்னால் நின்றிருந்தார்.
நடுரோட்டில் ஓர் எல்க் மான்.
ஹாரன் அடித்தார். நகரவில்லை.
தெர்மாஸைத் திறந்து
மூடியில் காபி ஊற்றும்போது
முன்னாலிருந்த சாலை கடலுக்குப் போயிற்று.

விசாரணைப் படிவத்தில் ஒரு கட்டம்:
விபத்தைத் தடுத்த அமைப்பு எது?
எல்க் என்று எழுதினேன்.
மேலதிகாரி சிரிக்கவில்லை.
நானும் விளையாட்டுக்கு எழுதவில்லை.

அப்சர்வரைத் தொடவில்லை, அடாப்டரையும்.
தப்பு சிங்கிள்டனிடமும் இல்லை என்கிறான் ஹாவார்ட்.
ஒன்று என்றாய், அது நம்பியது.
எழுபத்தெட்டு எண்களைத் திரும்ப வைக்க ஒன்பது நாள்.
இடையில் குன்வோருக்கு மெயில் போட்டேன்:
இரண்டாவது வருமென்று எப்படித் தெரியும்?
பதில் நான்கு நாள் கழித்து வந்தது.
தெரியாது. முதலில் இரண்டு கேட் என்றார்கள்,
பிறகு பணமில்லை என்றார்கள்.
எண்ணை எடுக்கச் சோம்பல்.

மே மாதம். வடமுனையில் நான், தென்முனையில் ஹாவார்ட்,
நடுவே ஒன்றேகால் கிலோமீட்டர், புதுத் தாரின் நெடி.
பட்டனை அழுத்தினேன். என் பக்கம் விழுந்தது.
ஃபோனில் காற்று இரைந்தது.
விழுந்தது, என்றான்.
எது?
இதுதான், வேறென்ன.
எண்ணைச் சொல்.
கம்பத்தடியில் குனிந்து
பெயின்ட்டைப் படித்திருப்பான், கொஞ்சம் நேரமாயிற்று.
இரண்டு, என்றான்.